ஃப்ளூ காய்ச்சலும் ஓசெல்டாமிவிரும்: டாக்டரின் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரையும் ஆஸ்துமாவும் உண்டு. நேற்று இரவிலிருந்து கடும் காய்ச்சல், இருமல். ஃப்ளூவாக இருக்கும் என்று டாக்டர் ஓசெல்டாமிவிர் எழுதிவிட்டார். டெஸ்ட் எடுக்காமலே எழுதலாமா?

பதில்: எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஒரு செல்லுக்குள் பெருகிய வைரஸ் கழன்று அடுத்த செல்லுக்குப் போவதைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. அதனால் முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தால் அந்த நேரம் வீணாகப் போய்விடும். 2009 பன்றிக்காய்ச்சலின்போது நோயின் கடுமையையும் ஆபத்தையும் வைத்து நோயாளிகளைப் பிரிக்க மத்திய அரசு வகுத்த ஏ, பி, சி முறையிலும் அம்மா மாதிரி ஆட்களுக்கு டெஸ்ட் இல்லாமலே மருந்து தொடங்கச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்கே ஆரம்பியுங்கள். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: மனைவிக்கு ஏழாம் மாதம். மாத்திரை கொடுக்கப் பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: கர்ப்பிணிக்கு மருந்தைவிட ஃப்ளூதான் ஆபத்து. எந்த மாதமானாலும் கொடுக்கலாம். 75 மில்லிகிராம், காலையும் இரவும், 5 நாள். பிரசவமாகி 2 வாரம் ஆகாதவர்களுக்கும் இதேதான்.

கேள்வி: அப்பாவுக்குக் கிட்னி பாதிப்பு இருக்கிறது. அதே டோஸ்தானா?

பதில்: இல்லை. இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்தார். வேறிடத்தில் எழுதிய சீட்டில் 75, இரண்டு வேளை. பையை மேஜையில் கொட்டிப் பார்த்தேன். மாத்திரை அட்டைகளுக்கு அடியில் மூன்றாக மடித்த லேப் ரிப்போர்ட். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 2.8, மிக அதிகம். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கிளியரன்ஸ், அதாவது கிட்னி ஒரு நிமிடத்தில் சுத்தம் செய்யும் ரத்தத்தின் அளவு, 20 மில்லியைக்கூடத் தொடவில்லை. அவருக்கு 30 மில்லிகிராம், ஒரு வேளை போதும். கிளியரன்ஸ் 30-லிருந்து 60-க்குள் இருந்தால் 30 மில்லிகிராம், இரண்டு வேளை. டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கணக்கே வேறு. பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: காய்ச்சல் வந்து நாலு நாள் ஆகிவிட்டது. இனி பிரயோஜனம் இல்லையா?

பதில்: அட்மிட் ஆகும் அளவுக்கு முடியாமல் போனாலோ, எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவராக இருந்தாலோ இப்போதும் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 27 வயது, வேறு நோய் இல்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். பாராசிட்டமால், ஓய்வு, நிறைய தண்ணீர் போதும். 2017-லிருந்து இது எச்1 அட்டவணை மருந்து, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. வீட்டில் பாட்டி இருந்தால் தனி அறையில் படுங்கள்.

கேள்வி: இரண்டு வேளை போட்டதும் வாந்தி. நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். சாப்பாட்டோடு போடுங்கள், பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கிவிடும். காய்ச்சல் விட்டாலும் 10 வேளையும் முடிய வேண்டும்.