8 ஜிபியில் 1,500 பாட்டு, எல்லாம் ‘320’: நம்பலாமா?

கேள்வி: பக்கத்து செல்போன் கடையில் 8 ஜிபி பென்டிரைவில் 1,500 தமிழ்ப் பாட்டு ஏற்றித் தருகிறார்கள். எல்லாமே 320 தரமாம். வாங்கலாமா? – திருப்பூர் வாசகர்

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 320 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) எம்பி3 என்றால் நான்கு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 9.6 எம்பி. 1,500 பாட்டுக்கு 14 ஜிபிக்கு மேல் வேண்டும். 8 ஜிபியில் அத்தனையும் அடங்கியிருக்கிறது என்றால் ஒரு பாட்டுக்கு ஐந்து எம்பி சொச்சம்தான் கிடைத்திருக்கும். ஆக, 320 என்பது பொய்.

சரி, 9.6 எம்பி இருந்தால் உண்மையா? அதுவும் இல்லை. 128-ல் கிடந்த கோப்பையே மறுபடி 320 ஆக்கி ஏற்றுவது இணையத்தில் சர்வ சாதாரணம். எம்பி3 ஆக்கும்போது வெட்டி எறிந்த ஒலி எறிந்ததுதான், கோப்பைப் பெரிதாக்கினால் திரும்பி வராது. தண்ணீர் கலந்த பாலைப் பெரிய சொம்பில் ஊற்றியது போலத்தான். சோதிக்க வேண்டுமென்றால் ‘ஸ்பெக்’ என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போடுங்கள். ‘ஆடாசிட்டி’யிலும் ஸ்பெக்ட்ரோகிராம், அதாவது ஒலி எந்த உயரம் வரை இருக்கிறது என்று காட்டும் படம், பார்க்கலாம். 128-லிருந்து வந்தது என்றால் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் சீவினாற்போல் நின்று, அதற்கு மேல் வெறும் கறுப்பாக இருக்கும். நல்ல 320 கோப்பு 20 வரை ஏறும். 1960-களின் பாட்டுகளுக்கு மட்டும் இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவற்றில் மூல ஒலிப்பதிவிலேயே அந்த உயர ஒலிகள் குறைவு. இதெல்லாம் பார்க்க நேரமில்லையா? ஜால்ராவைக் கவனியுங்கள். ‘கிணிங்’ என்று தெறிக்காமல் ‘ஷ்ஷ்’ என்று கொப்பளித்தால் அந்தப் பதிவு வேண்டாம்.

இன்னொன்று, கடைக்காரருக்குக் கொடுக்கும் காசில் இசையமைப்பாளருக்கோ பாடலாசிரியருக்கோ ஒரு பைசா போகாது. காசும் கொடுத்து, திருட்டுப் பிரதியும் வாங்குவதைவிட, செயலிகளில் விளம்பரத்தோடு வரும் இலவசத் திட்டம் எவ்வளவோ மேல். அது சட்டப்படியானது, விளம்பர வருமானத்தில் உரிமையாளருக்குப் பங்கும் உண்டு. ‘இலவசம்’ என்றாலே திருட்டு என்று நினைக்க வேண்டியதில்லை.

கேள்வி: இலவச டவுன்லோட் தளத்துக்குப் போன பிறகு போனில் ஓயாமல் விளம்பரம் வருகிறது. வைரஸா? இதற்காக என்னைப் பிடிப்பார்களா? – காரைக்குடி வாசகர்

பெரும்பாலும் வைரஸ் இல்லை. ‘தொடர அனுமதி என்பதை அழுத்தவும்’ என்று கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அந்த அனுமதியை வைத்துத்தான் தளம் விளம்பரங்களை அறிவிப்பாக அனுப்புகிறது. குரோமில் மூன்று புள்ளி, அமைப்புகள், அறிவிப்புகள் என்று போய், அறிமுகமில்லாத தளங்களை எல்லாம் தடை செய்யுங்கள். ஆனால் பாட்டு என்ற பெயரில் ஏபிகே அல்லது இஎக்ஸ்இ கோப்பு (போனிலோ கணினியிலோ செயலியை நிறுவும் கோப்பு) இறங்கி, அதைத் திறந்தும் விட்டீர்கள் என்றால் சங்கதி வேறு. அந்தச் செயலியை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில், தெரிந்தே மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். சொந்த உபயோகத்துக்கு ‘நியாயமான கையாளல்’ என்று 52-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சிடியை உங்கள் போனில் ஏற்றிக்கொள்ள அதைச் சொல்லலாம். திருட்டுத் தளத்தில் எடுப்பதற்கும் அதையே குடையாகப் பிடிப்பது கஷ்டம்.

கேள்வி: ஒரு வருடம் சந்தா கட்டி 600 பாட்டு டவுன்லோட் செய்தேன். சந்தா முடிந்ததும் ஒன்றுகூடப் பாடவில்லை. இது ஏமாற்று இல்லையா? – மதுரை வாசகர்

கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் கட்டியது வாடகை. அந்த ‘டவுன்லோட்’ என்பது செயலிக்குள் பூட்டி வைத்த பிரதி. வேறு பிளேயரில் திறக்காது, பென்டிரைவிலும் ஏறாது. ஸ்பாட்டிஃபையில் சந்தா உயிரோடு இருக்கும்போதே 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். 5 கருவிகளில், கருவிக்கு 10,000 பாட்டு என்பது வரம்பு. இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் முறிந்தால், சந்தா கட்டுபவருக்கும் பாட்டு ஒரே நாளில் காணாமல் போகும். ‘டவுன்லோட்’ என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்துவதே வாங்குபவரைக் குழப்புகிறது என்பது எங்கள் கருத்து.

சொந்தமாக வேண்டுமென்றால் தனிப் பாட்டாக விலைக்கு வாங்குங்கள். ஐட்யூன்ஸ் ஸ்டோர் 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அங்கே வாங்குவது பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் ஏஏசி கோப்பு. ஆப்பிள் மியூசிக் சந்தா வேறு, இது வேறு. சந்தாவில் இறக்கியது பூட்டோடுதான் வரும். சினிமா சாராத தனிக் கலைஞர்களுக்கு பேண்ட்கேம்ப் நல்ல இடம். ஃப்ளாக் (ஒலியை வெட்டாமல் சுருக்கும் வடிவம்), எம்பி3 என்று வேண்டிய வடிவில் எடுக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக எடுப்பது 15 சதவீதம். வாங்கியதை உடனே வேறோர் இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள். உயிருக்கு உயிரான ஐம்பது பாட்டை விலைக்கு வாங்கி, மற்றதை விளம்பரத்தோடு கேட்பவர்தான் கெட்டிக்காரர்.

சந்தாவை நிறுத்துவதிலும் ஒரு சூட்சுமம்: செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ், சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் ரத்து செய்யுங்கள். நேரடியாக யூபிஐயில் என்றால் உங்கள் பணச் செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியில் அந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரும், அதுதான் கடைசி வாய்ப்பு. ரத்து செய்யும் வழியையே ஒளித்து வைத்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். 2023-ல் வந்த ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு விதிகளில் ‘சந்தாப் பொறி’யும் இருக்கிறது.

கேள்வி: விலைக்கு வாங்கிய பாட்டு கார் ஸ்டீரியோவில் வரவில்லையே? – வேலூர் வாசகர்

பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் (கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு பழைய முறை) ஃபார்மேட் ஆகியிருக்கிறதா பாருங்கள். 64 ஜிபி பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும், பழைய ஸ்டீரியோக்கள் அதைப் படிக்காது. 32 ஜிபி போதும். ஐட்யூன்ஸ் கோப்பு எம்4ஏ. ஏற்காவிட்டால் 256 எம்பி3 ஆக மாற்றுங்கள், காரில் வித்தியாசம் தெரியாது. வரிசை குழம்பினால் 001, 002 என்று பெயர் போட்டு அதே வரிசையில் நகலெடுங்கள். தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றுவதுதான் வழி.

கேள்வி: பழைய பாட்டுகளும் பாரதியார் பாட்டும் எல்லோருக்கும் பொதுதானே? – தஞ்சை வாசகர்

பாதி சரி. ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1964-ல் வந்த இசைத்தட்டின் பதிவுரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு: ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார். அவர் சாகித்தியங்களுக்கு 2033 முடிய உரிமை உண்டு. பாரதியின் எழுத்து 1949-லேயே அரசுடைமை. நீங்களே மெட்டுப் போட்டுப் பாடி ஏற்றலாம். போன வருடம் ஒரு பாடகி பாடி வெளிவந்த பதிவை எடுத்துப் போட்டால், வரி பாரதியுடையது என்றாலும் பதிவு வெளியிட்டவருடையது. யூடியூப் தானாகவே அடையாளம் கண்டு உரிமைக்கோரல் அனுப்பிவிடும்.