இரண்டாவதாக யார்?

அன்புள்ள அண்ணைக்கு,

நியூயோர்க்கில் குயின்ஸ் பக்கம் இருக்கிறேன். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. ஜனநாயகக் கட்சியில் பதிந்து வைத்திருப்பதால், அந்தக் கட்சியின் மேயர் வேட்பாளரைத் தெரிகிற பிரைமரியில் இந்த ஜூன் 24ஆம் திகதி முதல் தடவையாக வாக்களிக்கப் போகிறேன். வியாழன் இரவு நடந்த இரண்டாவது தொலைக்காட்சி விவாதத்தை வீட்டில் எல்லோரும் இருந்து பார்த்தோம். மேடையில் ஏழு பேர். முடிந்ததும் வீட்டில் சண்டை. மனைவி மம்தானி பக்கம். மீரா நாயருடைய மகன், நம்மாள், அவர்தான் வென்றார் என்கிறா. மாமா குவோமோ பக்கம். பத்து வருடம் மாநில ஆளுநராக இருந்தவரோடு முப்பத்து மூன்று வயதுப் பெடியனை ஒப்பிடலாமா என்கிறார். எனக்கு இன்னொரு வேட்பாளரான பிராட் லாண்டர் பேசியது பிடித்தது. ஆனால் வெல்லமாட்டார் என்று தெரிந்தும் அவருக்குப் போட்டு வாக்கை வீணாக்குவானேன்? மம்தானி சொல்கிற இலவச பஸ், வாடகையை உயராமல் நிறுத்துவது எல்லாம் நடக்கிற காரியமா? உங்கள் பார்வையில் விவாதத்தில் வென்றது யார்? ஐந்து பேரை வரிசைப்படுத்தலாமாம். எனக்கு அது ஒரே குழப்பம். ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

முதல் தடவையாக வாக்களிக்கப் போகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்ததை வாசித்து மனம் நிறைந்தது. ஊரை விட்டுப் போனவர்களில் எத்தனையோ பேர் எந்த நாட்டு வாக்காளர் இடாப்பிலும் பெயர் இல்லாமல் பாதி ஆயுளைக் கழித்ததை அறிவேன். உங்களுக்கு அது கைகூடியிருக்கிறது. ஆனால் உங்கள் கடைசி வரியை வாசித்ததும் கோபம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

விவாதத்தில் வென்றது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள். மறுநாள் காலை ஒவ்வொரு முகாமும் தன் ஆள்தான் வென்றார் என்று சொல்லும். அதைத் தெரிந்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

'நம்மாள்' என்ற பேச்சை உங்கள் மனைவி விட்டுவிட வேண்டும் என்று அண்ணன் சொன்னதாகச் சொல்லுங்கள். மம்தானி கம்பாலாவில் பிறந்தவர், தாய் பெயர் பெற்ற இயக்குநர், தகப்பன் பெயர் பெற்ற அறிஞர். இதெல்லாம் அவருடைய வரலாறு. உங்கள் வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் அவர் என்ன செய்வார் என்பதற்கு அதில் பதில் இல்லை. தன் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள் என்று குவோமோவுக்கு அன்று மேடையில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் காட்டினாரே, அந்த இடத்தில் உங்கள் மனைவி கைதட்டியிருப்பா. நானும் தட்டியிருப்பேன். பெயரை வெள்ளைக்காரன் வாயில் பறிகொடுத்த எல்லோருக்கும் அது தைக்கும். ஆனால் கைதட்டிய கையோடு வாக்கையும் கொடுத்துவிடக் கூடாது.

மாமா சொல்கிற அனுபவம் உண்மைதான். 2011 முதல் 2021 வரை ஆளுநராக இருந்தவர். எப்படிப் பதவியை விட்டார் என்பதும் அந்த அனுபவத்தில் சேரும். பதினொரு பெண்களிடம் அவர் தகாத முறையில் நடந்தார் என்று மாநிலச் சட்டமா அதிபரின் அறிக்கை சொன்னது. அவர் மறுக்கிறார். கோவிட் காலத்தில் முதியோர் இல்லத்தில் தகப்பனை இழந்த ஒருவர் அன்று பார்வையாளர்களில் இருந்தார். அவரைக் காட்டி, முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்பீர்களா என்று லாண்டர் குவோமோவிடம் கேட்டார். மாமா அந்த இடத்தில் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போகாமல் இருந்திருந்தால் நல்லது.

பஸ், வாடகை பற்றிய கேள்வி நல்ல கேள்வி. வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளின் வாடகையை ஒரு சபை தீர்மானிக்கிறது. அதன் ஒன்பது உறுப்பினர்களையும் நியமிப்பவர் மேயர். அதனால் அது மேயரின் கைக்கு எட்டக்கூடியது. பஸ் அப்படி இல்லை. அதை நடத்துகிற அதிகார சபை மாநிலத்துக்குக் கீழே வருகிறது. மாநிலத் தலைநகர் ஆல்பனியில் இருக்கிற அரசு ஒத்துழைக்காமல் மேயர் தனியே கட்டணத்தை எடுத்துவிட முடியாது. வாக்குறுதிகளை இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகினால் போதும், மேலே போகலாம்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

லாண்டரைப் பிடித்திருக்கிறது, வெல்லமாட்டார், அதனால் போடமாட்டேன் என்கிறீர்கள். ஐந்து பேரை வரிசைப்படுத்தச் சொன்னால் குழப்பம் என்கிறீர்கள். தம்பி, உங்கள் முதல் கவலைக்கு மருந்தே அந்த வரிசைதான். 2019இல் அந்த நகரத்து மக்கள் வாக்கெடுப்பில் கேட்டு வாங்கியது அது. லாண்டருக்கு ஒன்று போடுங்கள். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்குவார்கள். அவருடைய சீட்டுகள் அடுத்த பெயருக்குப் போகும். இப்படியே ஒவ்வொருவராக நீங்கி, லாண்டரும் நீக்கப்பட்டால், நீங்கள் இரண்டாவதாக எழுதியவருக்கு உங்கள் வாக்கு போகும். அரை வாக்காகக் குறையாது, முழு வாக்காகவே போகும். லாண்டர் போட்டியில் நிற்கும்வரை உங்கள் இரண்டாவது பெயரை யாரும் தொடுவதில்லை. ஆகவே இரண்டாவதை எழுதுவதால் முதலாமவருக்கு ஒரு குறையும் வராது. இதில் எங்கே வீண்? ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வருவதுதான் வீணாகக் கூடியது.

நான்கு வருடத்துக்கு முன்னர் அங்கேயே நடந்ததைப் பாருங்கள். 2021 பிரைமரியில் கடைசிச் சுற்றில் நின்றவர்கள் எரிக் ஆடம்ஸும் கேத்ரின் கார்சியாவும். ஆடம்ஸ் வென்றது 7,197 வாக்குகளால். அந்தச் சுற்றுக்கு வந்து சேராமல் இடையிலேயே ஓய்ந்துபோன சீட்டுகள் 140,000க்கும் மேல். அந்தச் சீட்டுகளில் ஆடம்ஸ் பெயரும் இல்லை, கார்சியா பெயரும் இல்லை. அத்தனை பேரும் நேரம் ஒதுக்கி, வரிசையில் நின்று வாக்களித்தவர்கள். கடைசியில் யார் நகரத்தை ஆள்வது என்ற கேள்வி வந்தபோது அவர்களிடம் பதில் இல்லாமல் போனது. இருவரும் வேண்டாம் என்று தெரிந்தே விட்டவர்கள் இருந்திருப்பார்கள், அவர்களை மதிக்கிறேன். தெரியாமல் விட்டவர்களை நினைத்தால்தான் ஆறவில்லை.

இது போன வருடத்திலிருந்தே என்னைக் குடைந்துகொண்டிருக்கிற விடயம். உங்கள் கடிதம் வந்ததும் அதுதான் மேலே வந்தது.

இலங்கையில் 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் ஒருநாள். பெரியப்பா தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தித் தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்துகொண்டு, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நாலைந்து வேட்பாளர் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். எதிரே கட்டம் போட்டு 1, 2, 3 என்று இலக்கமிட்டுக் காட்டினார். தபால் கந்தோர் எழுத்து, அவ்வளவு துப்புரவு. சுற்றி நின்றவர்கள் நம்பவில்லை. மூன்று பேருக்குப் போட்டால் சீட்டு செல்லாமல் போய்விடும், ஒரு புள்ளடியைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்றார்கள். பெரியப்பாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்த நாளிலிருந்து சீட்டில் இருக்கிற உரிமையடா இது. நாப்பது வருசமா நீங்கள் பாவிக்காமல் வைச்சிருக்கிறதுக்கு ஆர் என்ன செய்யிறது?" என்றார். அவர் யாருக்கு ஒன்று போட்டார், யாருக்கு இரண்டு போட்டார் என்று கடைசிவரை எவருக்கும் சொல்லவில்லை. போன மாசியில் காலமாகிவிட்டார்.

அந்தத் தேர்தலில்தான் நாட்டின் வரலாற்றிலேயே முதல் தடவையாக யாரும் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. அநுரகுமாரவுக்கு முதல் எண்ணிக்கையில் 5,634,915. சஜித்துக்கு 4,363,035. மற்ற எல்லோருக்கும் சேர்த்து விழுந்தவை 33 இலட்சத்துக்கும் மேல். அந்த 33 இலட்சம் சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தபோது, இந்த இருவரில் ஒருவருக்கு அடுத்த விருப்பு குறித்திருந்தவை எத்தனை தெரியுமா? அநுரவுக்கு 105,264. சஜித்துக்கு 167,867. மொத்தம் 273,131. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருவருக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 12 இலட்சம், ஒன்றும் சொல்லாமல் கிடந்த சீட்டுகள் 30 இலட்சம். அநுர வென்றதில் எனக்கு மனக்குறை கிடையாது. முடிவு மாறியிருக்கும் என்றும் வாதாடவில்லை. தமிழ்ப் பொது வேட்பாளருக்கு 226,343 வாக்குகள் விழுந்தன. அதைக் கொள்கை வாக்கு என்றார்கள். நல்லது, கொள்கைக்கு ஒன்று போடுங்கள். அதற்குப் பிறகும் கொழும்பில் ஒருவர் எங்களை ஆளத்தானே போகிறார்? அவர் யாராக இருக்கலாம் என்று சொல்ல அதே சீட்டில் இடம் இருந்தது. இரண்டடிக்கும் மேல் நீளமான சீட்டு அது, 39 பெயர்கள்.

2005 ஜனாதிபதித் தேர்தலில் எங்களுக்கு முதல் விருப்பைச் சொல்லக்கூட வழி இருக்கவில்லை. புலிகள் சொன்ன புறக்கணிப்பு. யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவரும் கொஞ்சமும். மகிந்த வென்றது 50.29 வீதத்தில். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. இவ்வளவையும் கண்ட சனம், தன் கையில் இருக்கிற சீட்டை முழுக்கப் பாவிக்காமல் மடித்துப் போட்டுவிட்டு வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் அங்கே போயும் அதையே செய்யப் போகிறேன் என்கிறீர்கள்.

அதிலும் உங்களுக்கு வேட்பாளரைத் தெரிவதிலேயே பங்கு கிடைத்திருக்கிறது. இங்கே கட்சிப் பட்டியல் எந்த வீட்டு அறையில், யார் முன்னால் தயாராகிறது என்று நமக்குத் தெரியும். 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் கூடித் தலைவரை வாக்கெடுப்பில் தெரிந்தது. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. எவ்வளவு ஆசையாகப் பார்த்தோம். அதுவும் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதனால் உங்கள் கேள்வியை நான் இப்படி மாற்றிக் கேட்கிறேன்: அந்த விவாதத்தைப் பார்த்த பிறகு, உங்கள் இரண்டாமவர் யார்? முதலாமிடத்தை மனம் அநேகமாக முன்பே கொடுத்து வைத்திருக்கும். உங்கள் மனைவிக்கும் மாமாவுக்கும் தொலைக்காட்சியைப் போட முன்னரே அது முடிந்த விடயம். விவாதம் உதவுவது இரண்டாவது, மூன்றாவது இடங்களுக்கு. உங்களுக்கு வேண்டியவர் பேசும்போது காது தானாகவே திறந்துவிடும். மற்ற ஆறு பேர் பேசும்போதும் கேட்க வைப்பது இந்த வரிசைதான். இவருக்கு நான் மூன்றாவதையாவது கொடுக்கலாமா என்ற யோசனையோடு பார்த்தால், வாய்ச்சவடால் எது, சரக்கு எது என்று தெரிய ஆரம்பிக்கும். நகரசபைச் சபாநாயகர் அட்ரியன் ஆடம்ஸ் சத்தமில்லாமல் பேசினார். 2021இல் வென்று மேயரான எரிக் ஆடம்ஸுக்குச் சொந்தக்காரர் இல்லை, பெயர்தான் ஒன்று. சபையை நடத்தி வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றிய மனுஷி. வென்றது யார் என்ற கணக்கில் அவர் எங்கேயும் வரமாட்டார். மூன்றாவது யார் என்ற கணக்கில் வரலாம்.

மேடையில் இருந்தவர்களையும் இந்த முறை மாற்றியிருக்கிறது, கவனித்தீர்களா? மம்தானியும் லாண்டரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறவில்லை. மறுநாளே இருவரும் தத்தம் ஆதரவாளர்களிடம் மற்றவரை இரண்டாவதாகப் போடச் சொல்லிவிட்டார்கள். மற்றப் பக்கத்தையும் பாருங்கள். முதல் விவாதத்தில் நின்ற ஜெசிக்கா ராமோஸ் பிறகு குவோமோவை ஆதரித்தார். குவோமோ அவரைத் திருப்பி ஆதரிக்கவில்லை. யாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்வார், யாரைப் பாவித்துவிட்டு நகர்வார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எந்தத் தொலைக்காட்சிக் கேள்வியிலும் கிடைக்காது. 2021இலும் இன்னொரு வேட்பாளரான ஆண்ட்ரூ யாங் தன் ஆட்களிடம் கார்சியாவை இரண்டாவதாகப் போடச் சொன்னார். கார்சியா யாங்குக்காக அப்படிக் கேட்கவில்லை. 7,197ஐ நினைக்கும்போதெல்லாம் அதுவும் எனக்கு ஞாபகம் வரும்.

செய்முறை இதுதான். சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து வட்டங்கள் இருக்கும். ஒரு நிரலில் ஒரு வட்டத்தை மட்டும் நிரப்புங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பேரைக் குறித்தால் சிக்கல். பிடித்தவரையே ஐந்து தடவை குறித்தால் ஒரு தடவை குறித்ததாகத்தான் எண்ணுவார்கள். எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது என்று ஒருவரை நினைத்தால் அவர் பெயரை முழுதாக விட்டுவிடுங்கள். ஐந்தும் நிரம்ப வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் கடைசிவரை நிற்கக்கூடியவர்களில் உங்களுக்குச் சகிக்கக்கூடிய ஒருவரின் பெயராவது சீட்டில் இருக்க வேண்டும். முன்கூட்டிய வாக்களிப்பு தொடங்கிவிட்டது, 22ஆம் திகதிவரை உண்டு. பிள்ளையோடு வேலைக்கும் ஓடுகிற வீடு, செவ்வாய்க்கிழமைவரை தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் சண்டை பிடிக்க வேண்டாம். மனைவி மம்தானிக்கு ஒன்று போடட்டும், மாமா குவோமோவுக்குப் போடட்டும், அது அவர்களுடைய உரிமை. ஆனால் மாமாவிடம் இரண்டாவதாக யாரைப் போடப் போகிறார் என்று ஒருதரம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்
15 ஜூன் 2025