'அதிகம்' என்று வந்தால் கூட்டலா?

கேள்வி: முக்கூடலிலிருந்து எழுதுகிறேன். பீடி சுற்றுகிறேன். மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எண்ணில் கொடுத்தால் கணக்கு சரியாகப் போடுகிறாள். வார்த்தையில் கொடுத்து 'இயற்கணிதக் கோவையாக எழுது', அதாவது எக்ஸ், எண், கூட்டல் கழித்தல் குறிகள் வைத்து எழுது என்றால்தான் தப்பு வருகிறது. '12-இலிருந்து எக்ஸைக் கழிக்க' என்பதற்கு 'எக்ஸ் − 12' என்று எழுதியிருக்கிறாள். டியூஷன் சென்டரில் அடிப்படையே இல்லை என்று சொல்லி, தனி கோர்ஸுக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. உங்கள் மகளுக்கு அடிப்படை இருக்கிறது. அவள் வாக்கியத்தை முழுதாக வாசிக்காமல் எழுத ஆரம்பிக்கிறாள், அவ்வளவுதான். பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலும் எக்ஸ்தான் முதலில் நிற்கும். அதே பழக்கத்தில் இங்கேயும் எக்ஸை முன்னால் போட்டுவிட்டாள்.

'இலிருந்து' எதோடு ஒட்டியிருக்கிறது என்று அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். 12-இலிருந்து என்றால் கையில் இருப்பது 12. அதிலிருந்து எடுப்பது எக்ஸ். ஆகவே 12 − எக்ஸ். வகுத்தலும் இப்படித்தான். 'எக்ஸை 5-ஆல் வகுக்க' என்றால் 'ஆல்' ஒட்டிய 5 கீழே போகும். கூட்டலிலும் பெருக்கலிலும் முன்னே பின்னே எழுதினாலும் விடை மாறாது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். தமிழில் படிக்கிற பிள்ளைக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. 'எக்ஸை விட 5 குறைவு' என்பதைச் சொன்ன வரிசையிலேயே எக்ஸ் − 5 என்று எழுதிவிடலாம். 'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' என்று படிக்கிற இங்கிலீஷ் மீடியம் பிள்ளை அதைத் திருப்பிப் போட்டாக வேண்டும்.

அப்புறம், கைடுகளில் ஒரு பட்டியல் அச்சடித்திருப்பார்கள். 'அதிகம்' என்றால் கூட்டல், 'குறைவு' என்றால் கழித்தல், 'மடங்கு' என்றால் பெருக்கல். டியூஷன் சென்டர்களில் இதையே லேமினேட் செய்து காசுக்குக் கொடுக்கிறார்கள். வீட்டில் அந்த அட்டை இருந்தால் தூக்கிப் போடுங்கள். பாருங்கள்:

'செல்வியிடம் எக்ஸ் ரூபாய் இருக்கிறது. அது கோமதியிடம் இருப்பதை விட 5 ரூபாய் அதிகம். கோமதியிடம் எவ்வளவு?'

அட்டையை நம்பிய பிள்ளை எக்ஸ் + 5 என்று எழுதும். செல்வியிடம் 20 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். விடை 25 என்று வரும். அப்படியானால் கோமதியிடம்தானே அதிகம் இருக்கிறது? கணக்கில் சொன்னதோ செல்வியிடம் அதிகம் என்று. ஆகவே கோமதியிடம் இருப்பது 15, கோவை எக்ஸ் − 5. வாக்கியத்தில் 'அதிகம்' இருந்தும் எழுத வேண்டியது கழித்தல். யாரிடம் அதிகம், கேட்பது யாருடையதை என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் பேனாவைத் தொடவே கூடாது. நான் வகுப்பில் இந்த ஒரு கணக்குக்கே முழு பீரியட் எடுத்துக்கொள்வேன். இப்போது ஆசிரியருக்கு அந்த நேரத்தை யார் கொடுக்கிறார்கள்? பாதி நாள் கணினியில் விவரம் ஏற்றுவதில் போகிறது, மீதியில் பாடத்தை முடி முடி என்று விரட்டுகிறார்கள். பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்க ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் 6,000 ரூபாய் கோர்ஸ் நுழைகிறது.

அடைப்புக்குறியை நீங்களே சொல்லிக்கொடுக்கலாம். கட்டுக்கு 25 பீடி, நீங்கள் கொண்டுபோனது எக்ஸ் கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் என்பது பீடியும் அல்ல, கட்டும் அல்ல, எத்தனை கட்டு என்கிற எண்ணிக்கை. இதை முதலிலேயே அவள் வாயால் சொல்ல வையுங்கள். கடையில் 2 கட்டு சரியில்லை என்று கழித்துவிட்டார்கள். மிச்சம் எத்தனை பீடி? முதலில் கட்டைக் கழித்து, பிறகுதான் 25-ஆல் பெருக்க வேண்டும். எனவே 25(எக்ஸ் − 2). கழித்தது 2 பீடி மட்டும் என்றால் 25எக்ஸ் − 2. எக்ஸுக்கு 40 போட்டால் முதலாவது 950, இரண்டாவது 998. இரண்டுக்கும் நடுவே 48 பீடி. உங்கள் கணக்கில் 48 பீடி குறைந்தால் சும்மா விடுவீர்களா? அதை அவளிடம் கேளுங்கள், அடைப்புக்குறி எதற்கு என்று உடனே பிடிபடும்.

கோவை எழுதி முடித்ததும் எக்ஸுக்குத் தெரிந்த எண் ஒன்றைப் போட்டுப் பார்க்கட்டும். 12 − எக்ஸ் கணக்கில் 3 போட்டால் 9. 12-இலிருந்து 3 போனால் 9 என்பது அவளுக்கே தெரியும். அவள் எழுதிய எக்ஸ் − 12-இல் 3 போட்டால் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும், தப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் அவள் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். தேர்ச்சி பெற்றுப் பட்டியலில் வந்தால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். 'நான் ஆள் பார்த்துப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்' என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நேராகத் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.