200 டொன் அழுத்தம் தரைக்குப் போகுமா?

கேள்வி: துணுக்காய்ப் பக்கம் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் ஆய்வுகூடம் அமைக்கிறோம். கொங்கிறீற்றின் வலிமை பார்க்க, அதில் வார்த்த கியூப்பை (கனசதுரக் கட்டியை) உடைக்கும் 2000 கிலோநியூட்டன் மெசின் வருகிறது. பிறகு விட்டங்களைச் சோதிக்க 500 கிலோநியூட்டன் இரும்புச் சட்டகமும் பூட்ட எண்ணம். 200 டொன்னைத் தாங்க நாலு அடிக் கொங்கிறீற் அத்திவாரம் வேண்டும் என்கிறார் மேசன். சரிதானா?

பதில்: மேசன் கணக்கில் பிழையில்லை, 200 டொன்னுக்குக் கொஞ்சம் மேலேயே வரும். ஆனால் அது தரைக்குப் போவதில்லை. பாக்குவெட்டியை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு அழுத்தி வெட்டினாலும் நீங்கள் இருக்கிற கதிரைக்கு அது தெரியாது. கியூப் மெசினும் அப்படித்தான்: கீழே ஜாக் தள்ள, மேல் தட்டு தடுக்க, விசை முழுவதும் பக்கத் தூண்களுக்குள்ளேயே முடிந்துவிடும். தரை சுமப்பது மெசினின் சொந்த எடையையும், கியூப் வெடிக்கும்போது வரும் உதறலையும்தான். (150 மில்லிமீற்றர் கியூப் ஒன்று சதுர மில்லிமீற்றருக்கு 30 நியூட்டன் வலிமையோடு இருந்தால் 675 கிலோநியூட்டனில் உடைந்துவிடும், 2000 வரை தினமும் போகப்போவதில்லை.)

எனக்குக் கவலை உங்கள் மண்தான். துணுக்காய், முருங்கன் பக்கத்துக் கரிய களி மாரியில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மெசின் நிற்கும் இடத்தில் களியை வெட்டி எடுத்து, கிறவல் போட்டுப் படை படையாக இறுக்கி, அதன்மேல் கம்பி கட்டிய ஓரடித் தளம் போடுங்கள். சுவரோடு ஒட்டவிடாதீர்கள். தடிப்பை விட மட்டம் முக்கியம்.

சட்டகத்தின் கதை வேறு. அடியில் தனக்கென்று இரும்பு விட்டம் உள்ள மூடிய சட்டகம் என்றால் மறுபடியும் பாக்குவெட்டிதான். தூண்களைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கும் வகை என்றால், ஜாக் கீழே அழுத்த அழுத்தத் தூண்கள் பந்தல்கால் போல மேலே பிடுங்கப்படும்; இரண்டு தூண் என்றால் ஒவ்வொன்றிலும் 250 கிலோநியூட்டன். அதற்குச் சாதாரணத் தளம் காணாது, பொறியியலாளர் ஒருவர் வளைவுக்கும் கணக்குப் பார்த்து வடிவமைக்க வேண்டும். உங்கள் மண்ணில் மூடிய சட்டகத்தையே வாங்குங்கள். காசும் மிச்சம்.

வாசல் அகலத்தை மெசின் வருமுன்பே அளந்துவிடுங்கள். ஓரிடத்தில் புதுச் சுவரை இடித்து மெசினை உள்ளே ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் அதிகம். திரை உள்ள மெசினுக்கு மின்னெழுச்சிக் காப்பு இல்லாமல் இணைப்புக் கொடுக்கவேண்டாம்.

தொழிற்சாலை தந்த அளவுத்திருத்தச் சான்றிதழை நம்பி அறிக்கை எழுதாதீர்கள். பூட்டி முடித்த இடத்திலேயே திருத்தம் செய்விக்க வேண்டும், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. மேல் தட்டு கியூப்பின் முகத்தோடு பொருந்தச் சற்றே சாய்ந்து கொடுக்க வைக்கும் பந்து இருக்கைக்குக் கிறீஸ் பூசவேண்டாம், மெல்லிய எண்ணெய் போதும். முதல் சில கியூப்களை உடைத்துப் பாருங்கள்: நாலு பக்கமும் ஒரே மாதிரி உதிர்ந்து நடுவில் உடுக்கைபோல் இடை சிறுத்து நின்றால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் பிளந்தால் கியூப்பின் முகங்களையும், அதை நடுவில் வைத்தீர்களா என்பதையும், அந்தப் பந்து இருக்கையையும் பாருங்கள்.