யன்னலோரத்தில் வைத்த மிளகாய், கத்தரிக் கன்றுகள் நீண்டு மெலிந்து சாய்கின்றன. ரொறன்ரோ வீட்டுக்குள் எந்த லைற், எப்படி வைப்பது?

கன்று சாய்வது வெளிச்சக் குறைவால். அதைக் கெடுதியாக்குவது சூடு. மார்ச் மாதத்தில் தெற்குப் பார்த்த யன்னலாக இருந்தாலும் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வரும். முகில் மூடிய நாட்களில் அதுவும் இல்லை. யன்னலுக்குக் கீழேயே வீட்டுச் சூட்டுக் காற்று வரும் துவாரம் இருக்கும். சூடு கன்றை வளரச் சொல்கிறது, வளர்வதற்கு வேண்டிய உணவைச் செய்ய வெளிச்சம் இல்லை. ஆகவே தண்டு மட்டும் நீள்கிறது. இதற்குப் பசளை போட்டுப் பயனில்லை, இன்னும் வேகமாக நீளும்.

முதலில் லைற். "குறோ லைற்" என்று பெயர் போட்டு ஊதா நிறத்தில் எரியும் விளக்குகள் தேவையில்லை. கடைகளில் "ஷொப் லைற்" என்று விற்கும் நான்கு அடி நீள வெள்ளை எல்ஈடி விளக்கே போதும். பெட்டியில் மூன்று விடயங்களைப் பாருங்கள்: உண்மையான வாற்ஸ் 40 அளவில், லூமன் (லைற் தரும் மொத்த வெளிச்சம்) 4000க்கு மேல், நிறம் 4000 முதல் 5000 கெல்வின். "1000 வாற்ஸுக்குச் சமம்" என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பதை நம்பவேண்டாம். சுவரிலிருந்து எத்தனை வாற்ஸ் இழுக்கிறது என்பது பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், அதுதான் கணக்கு. வெள்ளை வெளிச்சத்தில் கன்றுக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் இருக்கின்றன. இன்னொரு நன்மை, அதன் கீழே இலையின் உண்மையான நிறம் தெரியும். ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எத்தனை லைற் வேண்டும் என்பதைக் கணக்குப் பார்த்தே சொல்லலாம். 18 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் உள்ள கம்பி அலுமாரித் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறத்தாழ 0.56 சதுர மீற்றர். 4500 லூமன் லைற் இரண்டு மாட்டினால் மொத்தம் 9000. அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு பக்கங்களால் சிந்திப்போகும். மீதி கன்றில் விழுவது சுமார் 11,000 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீற்றரில் விழும் லூமன். வெள்ளை எல்ஈடிக்கு லக்ஸை 70ஆல் பிரித்தால் செடி பயன்படுத்தும் ஒளி கிடைக்கும்: சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு 155 மைக்ரோமோல் அளவு. நாளுக்கு 16 மணித்தியாலம் எரித்தால் ஒரு சதுர மீற்றருக்கு நாள் மொத்தம் 9 மோல் (ஒரு மோல் பத்து இலட்சம் மைக்ரோமோல்). மிளகாய், கத்தரிக் கன்று முதல் மூன்று நான்கு வாரம் இதில் ஒழுங்காக வளரும். அதற்குப் பிறகும் உள்ளேயே வைத்திருக்க வேண்டும், ஆகவே ஒரு தட்டுக்கு மூன்று லைற்றாகவே வாங்கிவிடுங்கள். மூன்று லைற்றில் 13, 14 மோல் வரும், தண்டு பென்சில் தடிப்புக்குப் போகும். இந்தத் தட்டில் வழமையான 10க்கு 20 அங்குல நாற்றுத் தட்டுகள் நான்கைக் குறுக்காக வைக்கலாம். முன்பக்கம் இரண்டு மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பரவாயில்லை.

உயரம்தான் பெரும்பாலானோர் தவறவிடும் இடம். இந்த வகை லைற்றைக் கன்றின் நுனியிலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் தூரத்தில் தொங்கவிட வேண்டும். கண்ணுக்கு மிகக் கிட்ட இருப்பதுபோலத் தெரியும். இலை சுடாது, எல்ஈடி ரியூப்பின் முகம் வெறும் இளஞ்சூடுதான். இரண்டு அடி உயரத்தில் மாட்டினால் அறை வெளிச்சமாகும், கன்றுக்கு மிஞ்சுவது குறைவு. சங்கிலியும் கொக்கியும் போட்டுத் தொங்கவிட்டால் வாரம் ஒருமுறை ஒரு கண்ணி உயர்த்திக்கொள்ளலாம். மாறாக, 100 வாற்ஸ் சதுரப் பலகை போன்ற செறிந்த லைற் வைத்திருப்பவர்கள் அதை 45 முதல் 60 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்து, மங்கலாக்கும் திருகு இருந்தால் பாதியில் தொடங்க வேண்டும். கிட்ட வைத்தால் மேல் இலைகள் மேல்நோக்கிச் சுருளும், நரம்புகளுக்கிடையே வெளிறும். சந்தேகம் வந்தால் கைத்தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, கமராவைக் கன்றின் உயரத்தில் லைற்றை நோக்கிப் பிடியுங்கள். துல்லியமாக இராது, ஆனால் 3,000 காட்டுகிறதா 12,000 காட்டுகிறதா என்பது தெரிந்தாலே போதும்.

ரைமர் கட்டாயம் வேண்டும். 16 மணித்தியாலம் வெளிச்சம், 8 மணித்தியாலம் இருட்டு. 24 மணித்தியாலமும் எரித்தால் வேகமாக வளரும் என்று நினைப்பது பிழை. தக்காளி, கத்தரி இரண்டும் இடைவிடாத வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிக் காயப்படும். ஒன்ராறியோவில் நேரத்துக்கு ஏற்ற மின்கட்டணத்தில் இருப்பவர்கள் பிற்பகல் 3 மணிக்கு லைற் எரியத் தொடங்கி மறுநாள் காலை 7 மணிக்கு அணைவதாக ரைமரை வையுங்கள். கிழமை நாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரை குறைந்த கட்டணம், ஆகவே 16இல் 12 மணித்தியாலம் அதற்குள் வந்துவிடும். குளிர்காலக் கட்டணத்தில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் உச்ச நேரம். காலை உச்ச நேரம் முழுவதும் லைற் அணைந்திருக்கும், மாலை இரண்டு மணித்தியாலம் மட்டும் அதற்குள் எரியும். பேஸ்மென்ற் இரவில் குளிரும்போது லைற்றின் சூடும் உதவும். மூன்று லைற்றும் சேர்ந்து நாளுக்கு இரண்டு யூனிற்றுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாதத்துக்கு 115 யூனிற் அளவு. மின்சாரம் பற்றி ஒன்று மட்டும்: தண்ணீர் ஊற்றும் இடம் இது. பிளக் பலகையைத் தரையில் போடாமல் அலுமாரியின் கம்பியில் உயர்த்திக் கட்டுங்கள். வயர் ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும், வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

இனி விதை. மிளகாய் விதை முளைக்க வெளிச்சம் வேண்டாம், சூடு வேண்டும். மண்ணின் சூடு 25 முதல் 30 பாகையாக இருந்தால் எட்டு நாளளவில் முளைக்கும். 20இல் இரண்டு வாரத்துக்குக் கிட்ட. பேஸ்மென்ற் மண் 15இல் இருந்தால் மூன்றரை வாரம் போகும், அதற்குள் சில விதைகள் அழுகியும்விடலாம். ஆகவே தட்டுக்கு அடியில் ஹீற் மாற் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), முடிந்தால் மண்ணுக்குள் குத்தும் உணரியோடு வரும் தேர்மோஸ்ரற், 27இல். தேர்மோஸ்ரற் இல்லாத ஹீற் மாற் அறைச் சூட்டைவிட 5 முதல் 10 பாகை கூட்டும் என்று கணக்கு வையுங்கள். பாதி விதை தலை காட்டியதும் ஹீற் மாற்றை எடுத்துவிட வேண்டும். பிளாஸ்ரிக் மூடியையும் அன்றே எடுத்து, அந்த நிமிடமே லைற்றுக்குக் கீழே வைக்க வேண்டும். முளைத்த கன்று இருட்டில் ஒரு பகல் இருந்தாலே வித்திலைக்கு (முளைக்கும்போது முதலில் விரியும் சோடி இலை) கீழுள்ள தண்டு நீண்டுவிடும், பின்னர் அதைக் குறுக்க முடியாது.

தமிழ்க் கடையில் வாங்கிய செத்தல் மிளகாயின் விதையைப் போட்டு முளைக்கவில்லை என்று பலர் கேட்பதுண்டு. சூட்டில் காய வைத்ததாக இருந்தால் விதை செத்திருக்கும். பச்சை மிளகாயின் விதையும் முற்றாதது. செடியிலேயே சிவந்து பழுத்த பழத்தின் விதைதான் நம்பகமானது.

மண் என்று சொன்னாலும் தோட்டத்து மண் கூடவே கூடாது. அது தட்டில் இறுகும், பூஞ்சையையும் கொண்டுவரும். பீற் மொஸ்ஸும் பேர்லைற்றும் கலந்த, விதை போடுவதற்கென்று விற்கும் கலவையை வாங்கி, தட்டில் நிரப்பும் முன்னரே வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். கையில் பிடித்து நசித்தால் ஓரிரு துளி சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. காய்ந்த பீற் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றினால் ஓரத்தால் வழிந்து போய்விடும், மேல்மண் ஈரமாகத் தெரியும், விதை இருக்கும் இடம் காய்ந்திருக்கும். விதையை அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் போடுங்கள்.

முளைத்த பிறகு கன்றுகளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். நேற்று நிமிர்ந்து நின்ற கன்று இன்று மண்மட்டத்தில் தண்டு நூலாக மெலிந்து படுத்திருந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசொக்ரோனியா போன்ற பூஞ்சைகளும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களும் ஈர மண்ணில் செய்யும் வேலை. விழுந்த கன்றுக்கு மருந்தில்லை; சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து எறிந்துவிட்டு மற்றவற்றைக் காயவிடுங்கள். தடுப்பது எளிது. பழைய தட்டுகளை ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல் அடித்தட்டில் ஒரு சென்ரிமீற்றர் விட்டு, 20 நிமிடத்தில் மண் உறிஞ்சியது போக மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அடுத்த தண்ணீர் மேல்மண் வெளிறிய பிறகுதான். தட்டைத் தூக்கிப் பார்த்துப் பாரத்தை வைத்து முடிவெடுக்கப் பழகினால் விரல் விட்டுப் பார்க்கவும் தேவையில்லை. மண்ணைச் சுற்றிச் சின்னக் கறுப்பு இலையான்கள் பறந்தால் அதுவும் ஈரம் கூடியதற்கு அடையாளம். மஞ்சள் ஒட்டுத்தாள் வளர்ந்த பூச்சியைப் பிடிக்கும், புழு மண்ணுக்குள் இருக்கும். மண்ணின் மேல் இரண்டு சென்ரிமீற்றரைக் காயவிடுவதுதான் அதற்கு வழி.

மார்ச் மாதக் குழாய்த் தண்ணீர் பனிக்குளிராக வரும், வாளியில் பிடித்து ஓரிரவு அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். கிச்சினர், குவெல்ஃப் பக்கம் இருப்பவர்கள் நீர் மென்மையாக்கும் கருவிக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து எடுங்கள். மென்மையாக்கிய தண்ணீரில் சோடியம் இருக்கும், சின்னச் சாடியில் அது சேர்ந்து இலை ஓரம் கருகும்.

ஒரு சின்ன மேசை விசிறி, ஆகக் குறைந்த வேகத்தில், கன்றுகள் மெல்ல ஆடும் தூரத்தில். லைற் எரியும் நேரம் முழுவதும் ஓடலாம். ஆடும் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வளரும், மேல்மண்ணும் காய்ந்திருக்கும். செலவைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டில் மிகப் பயனுள்ள பொருள் இதுதான்.

பசளை உண்மை இலை (வித்திலைக்கு அடுத்து வரும், அந்தச் செடிக்குரிய வடிவ இலை) இரண்டு வந்த பிறகுதான். அதுவரை வித்திலையில் சேமிப்பு இருக்கிறது. தண்ணீரில் கரையும் 20-20-20 தூளை லீற்றருக்கு அரைக் கிராம், வாரம் ஒருமுறை. இது 100 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 100 பங்கு) நைதரசன். பெட்டியில் எழுதியிருக்கும் அளவைப் போட்டால் கன்றுக்குக் கூடிப்போகும். கீழ் இலைகள் சமமாக வெளிறினால் பசளை போதவில்லை. தக்காளியின் இலை அடிப்பக்கம் ஊதாவானால் உடனே பசளையைக் கூட்டாதீர்கள். குளிர்ந்த மண்ணில் வேர் பொஸ்பரசை எடுக்க முடியாமல் இருப்பதே பெரும்பாலும் காரணம், அறையை 20 பாகைக்குக் கொண்டுவந்தால் புது இலைகள் பச்சையாக வரும்.

அந்த இரண்டு உண்மை இலைக் கட்டத்திலேயே 9, 10 சென்ரிமீற்றர் சாடிக்கு மாற்றுங்கள். தண்டில் பிடிக்காமல் இலையில் பிடித்துத் தூக்க வேண்டும். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசிந்தால் கன்று முடிந்தது. நீண்டுபோன தக்காளியை வித்திலை வரை புதைக்கலாம், தண்டிலேயே வேர் விடும். மிளகாயையும் கத்தரியையும் முன்பு இருந்த ஆழத்தைவிட ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் புதைக்காதீர்கள். உங்களிடம் இப்போது சாய்ந்திருக்கும் கன்றுகள் இன்னும் பச்சையாக இருந்தால் ஒரு ஈர்க்கை ஊன்றிக் கட்டி, லைற்றின் கீழ் வையுங்கள். மேலே வரும் புதுக் கணுக்கள் கிட்டக் கிட்ட அமையும். ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன்னர் என்றால் புதிதாக விதைக்கவும் நேரம் இருக்கிறது.

காலக் கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். மிளகாய் நடும் நாளுக்கு 8 முதல் 10 வாரம் முன்னர், கத்தரி 8 வாரம், தக்காளி 6 வாரம். ரொறன்ரோவில் மிளகாய் ஜூன் முதல் வாரம் நிலத்துக்குப் போகும், ஆகவே மார்ச் கடைசியில் விதை. நை மிரிஸ், ஹபனேரோ வகைகள் மெதுவானவை, அவற்றை பெப்ரவரி கடைசியிலேயே போட வேண்டும். தக்காளியை பெப்ரவரியில் போடுவதில் இலாபமில்லை. ஏப்ரலில் லைற்றை முட்டிக்கொண்டு நிற்கும், நட்ட பிறகு சின்னக் கன்றே அதை முந்திவிடும்.

கடைசி வேலை வெளியே பழக்குவது. வெளியே நண்பகல் வெயில் ஒரு இலட்சம் லக்ஸ், உங்கள் தட்டில் இருந்தது பத்தாயிரத்துச் சொச்சம். புற ஊதாக் கதிரும் லைற்றில் இல்லை. நேரே வெயிலில் வைத்தால் ஒரே பகலில் இலை வெள்ளைத் திட்டாகக் கருகும். முதல் இரண்டு நாள் காற்றுப்படாத நிழலில் ஒரு மணித்தியாலம். பிறகு காலை வெயிலில் ஒரு மணித்தியாலம். நாளுக்கு ஒன்றோ ஒன்றரையோ மணித்தியாலம் கூட்டிக்கொண்டு போனால் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழகும். மே மாத விக்ரோறியா நாள் நீண்ட வாரஇறுதியில் எல்லோரும் நடுவதைப் பார்த்து அவசரப்படவேண்டாம். அது தக்காளிக்குச் சரி. மிளகாயும் கத்தரியும் இரவுச் சூடு 12 பாகைக்குக் கீழே போனால் செத்துப்போகாவிட்டாலும் இரண்டு மூன்று வாரம் அசையாமல் நிற்கும், பூவையும் உதிர்க்கும். வானிலை அறிக்கையில் அடுத்த ஏழு இரவும் 12க்கு மேல் என்று வரும்வரை, மாலையில் சாடிகளை உள்ளே எடுத்து வையுங்கள்.