ஒரே பீஸ் ரேட் (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

பெருந்தொற்று நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எப்போதும் ஏழைகளை மட்டுமே பேசுகிறீர்கள். கொரோனா எல்லாரையும்தானே அடித்தது? எனக்கும் சம்பளத்தில் இருபது சதவீதம் பிடித்தார்கள், வீட்டுக்கடன் வேறு. 2020 ஏப்ரலில் அரிசி கார்டு எல்லாவற்றுக்கும் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். கார் வைத்திருப்பவரும் வாங்கினார். அப்படிக் கொடுத்தது சரியா? (எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு மூன்று மாதமும் முழுச் சம்பளம் கொடுத்தேன்.)

ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் பக்கத்து லைன் வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் 'எல்லாரையும்தானே அடித்தது' என்ற வரியிலேயே மூடி வைத்திருப்பேன்.

சம்பளப் பிடித்தம் கஷ்டம்தான். ஆனால் வீட்டுக்கடன் தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. வட்டி ஏறியது, சரி. வாசலில் வந்து யாரும் நிற்கவில்லை. இதை இத்தோடு விடுவோம்.

இங்கே திருப்பூரில் எங்கள் வீட்டை ஒட்டி ஆறு லைன் வீடுகள். முதல் வீட்டில் கணவன், மனைவி இருவரும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணியை ஓரம் அடித்துத் தைக்கிற மெஷின்) டைலர்கள். கடைசி வீட்டில் அந்த அக்கா, பத்து வயது மகள், படுத்த படுக்கையாக அம்மா. அக்காவும் ஓவர்லாக்தான். அதே கம்பெனி, தைக்கிற பீஸ் ஒன்றுக்கு இவ்வளவு கூலி என்ற அதே பீஸ் ரேட். கணக்கெடுக்க வருகிறவர் இரண்டு வீட்டையும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போவார்.

மார்ச் 25 ஊரடங்கு. அந்தச் சனிக்கிழமை சம்பளம் இல்லை. முதல் வீட்டுக்காரர்கள் ஊரடங்குக்கு முந்தின ராத்திரியே பைக்கில் பல்லடம் பக்கம் ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே அரிசி இருந்தது, ஆடு இருந்தது, ரேஷன் கார்டும் இருந்தது. அக்காவின் கார்டு ஆண்டிபட்டிப் பக்கம். பஸ் கிடையாது. நீங்கள் கணக்குப் பார்க்கிற அந்த ஆயிரம் ரூபாய் அங்கே ரேஷன் கடையில் கிடந்தது.

அடகுக் கடைகளும் பூட்டு. வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரிடம் அரைப் பவுன் தோட்டை வைத்து எட்டாயிரம் வாங்கினார், மூணு வட்டிக்கு. மறுநாள் தண்ணீர் பிடிக்க வந்தபோது பார்த்தேன். காது தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு ஓட்டையிலும் துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார். முக்கால் அங்குலம் இருக்கும். ஒன்று நீளம், ஒன்று குட்டை.

இங்கேதான் தம்பி நீங்கள் கோட்டை விடுகிறீர்கள். வருமானம் இரண்டு வீட்டுக்கும்தான் நின்றது. நின்ற பிறகு போக ஓர் ஊர் உண்டா, சம்பாதிக்க இன்னொரு கை உண்டா, படுத்திருப்பவரை யார் பார்ப்பது, எதை வைத்து எத்தனை வட்டிக்கு வாங்குவது? இதை யாரும் கேட்பதில்லை. படித்தவர்கள் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறீர்கள்.

ஆகஸ்டில் பவுன் 43,000-ஐத் தாண்டியது. அதே மாதம், நகை மதிப்பில் 75 சதவீதமாக இருந்த வங்கிக் கடன் வரம்பை 90 ஆக உயர்த்தினார்கள். முதல் வீட்டுக்காரர்கள் இருந்த நகையை வங்கியில் வைத்து இரண்டு மெஷின் போட்டார்கள். இன்று கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார்கள். நல்ல மனுஷர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் தோடு 2021 மே ஊரடங்கில் மூழ்கிப்போனது. ஏறின விலை வட்டிக்காரருக்கு. இதைப் போய் எல்லாரையும் அடித்தது என்கிறீர்களே!

உங்கள் கேள்வியை மறந்துவிட்டேன். எல்லாருக்கும் கொடுத்தது சரிதான். கார்க்காரர் வாங்கியதெல்லாம் ஒரு விஷயமா? நிஜ ஏழை யார் என்று தேடிக்கொண்டிருந்தால் ஆடி வந்திருக்கும். எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம் என்று அன்றே சொல்லியிருந்தால் அக்காவுக்கும் கிடைத்திருக்கும். அந்த வசதி அக்டோபரில்தான் வந்தது.

அப்புறம், வேலைக்கு வரும் அம்மாவுக்கு முழுச் சம்பளம் கொடுத்ததைக் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அசடு, அதையல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்? அந்த அம்மாவின் ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது, கேட்டீர்களா?