மிஸ்ஸியைக் கேளுங்கள்: விடுதியில் சின்னம்மை

கேள்வி: வணக்கம் மிஸ்ஸி. பல்கலைக்கழக விடுதியில் எங்கள் மாடிக்கு நான்தான் பொறுப்பு. போன திங்கட்கிழமை ஒரு பையனுக்குச் சின்னம்மை போட்டது. சனிக்கிழமை இன்னொருவருக்கு. இவர் மதுரையிலிருந்து வந்து முதுகலை படிக்கும் அண்ணன். கொசுக்கடி என்று சொல்லி இரண்டு நாள் மறைத்துவிட்டார். அவர் அம்மா போனில் மருந்தே கூடாது என்கிறார். எங்களுக்குப் பொதுக் குளியலறை. தேர்வு வேறு நெருங்குகிறது. டெலிகிராம் குழுவில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?
- மாடிப் பொறுப்பாளர், கிளமென்டி

பதில்: டெலிகிராமிலிருந்தே தொடங்குங்கள், தம்பி. அந்த இருவரின் பெயரும் அறை எண்ணும் அங்கே ஓடிக்கொண்டிருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். ஊரறியப் பெயர் போகும் என்று தெரிந்தால் அடுத்தவனும் கொசுக்கடி என்றுதான் சொல்வான்.

அப்புறம், நீங்கள் சொன்ன கிழமைகளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னம்மை ஒருவரிடமிருந்து தொற்றினால் கொப்புளம் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். திங்களுக்கும் சனிக்கும் நடுவே அத்தனை நாள் இல்லை. கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவும் என்பதைச் சேர்த்தாலும் கணக்கு உதைக்கிறது. ஆகவே மதுரைக்காரருக்கு அந்தப் பையனிடமிருந்து வரவில்லை. இரண்டு பேருக்கும் கொடுத்த மூன்றாம் ஆள் ஒருவர் எங்கேயோ இருக்கிறார், அல்லது இருவரும் வெவ்வேறு இடத்தில் வாங்கி வந்திருக்கிறார்கள். கடந்த மூன்று வாரத்தில் இருவரும் சேர்ந்து போன இடம் எது என்று கேளுங்கள். நடனப் பயிற்சியா, இரவு சப்பர் கூட்டமா, ஒரே ஆய்வுக்கூடமா? உங்கள் மாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஆள் கிடைக்கவே மாட்டார். கேட்டதை விடுதி அலுவலகத்துக்கும் பல்கலைக்கழக கிளினிக்குக்கும் சொல்லிவிடுங்கள். துப்பறிகிற வேலை அவர்களுடையது, தகவல் உங்களுடையது.

எல்லாரும் யாருக்கு வந்திருக்கிறது என்பதிலேயே குறியாக இருப்பார்கள். எனக்கு வேண்டிய பட்டியல் வேறு. யாருக்கு இதுவரை வரவில்லை, ஊசியும் போடவில்லை? இரண்டு வாரம் கழித்துப் படுக்கப்போவது அவர்கள்தான். குளிர் நாடுகளில் பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்து போய்விடுகிற நோய் இது. நம் பக்கத்து வெப்ப நாடுகளில் அப்படி இல்லை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிற மாணவர்களில் பலர் இருபது வயது தாண்டியும் அது வராமல் இருப்பார்கள். இந்திய அரசின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சின்னம்மை ஊசி கிடையாது. இங்கே சிங்கப்பூரில் மட்டும் என்ன, குழந்தைகளுக்கான தேசிய அட்டவணையில் அது சேர்ந்ததே 2020 நவம்பரில்தான். இப்போது கல்லூரியில் இருப்பவர்களுக்கு அப்பா அம்மா காசு கொடுத்துப் போட்டிருந்தால்தான் உண்டு. போட்ட ஊசியெல்லாம் பதிவாகியிருக்கும் ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கட்டும்.

அந்தப் பட்டியலில் இருப்பவர்களை இன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்புங்கள். நோயாளியோடு பழகி மூன்று நாளுக்குள் ஊசி போட்டால் நல்லது, ஐந்து நாள் வரைக்கும் பயன் உண்டு. அதற்கு மேல் ஆகிவிட்டாலும் அடுத்த அலைக்கு உதவும்.

சிலர் வாசலில் வெப்பமானி வைக்கலாமே என்பார்கள். 2003-ல் சார்ஸ் வந்தபோது பள்ளிப் பிள்ளைகள் கையில்கூட வெப்பமானி கொடுத்தோம், அதற்கு அர்த்தம் இருந்தது. சார்ஸ் பெரும்பாலும் ஆள் படுத்த பிறகுதான் பரவியது. சின்னம்மை, ஆள் நன்றாக நடமாடும்போதே பரவத் தொடங்கிவிடும். வெப்பமானிக்குச் செலவழிக்கிற காசை ஊசிக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள்.

இனி மதுரைக்காரர். அவர் அம்மாவோடு வாக்குவாதம் வேண்டாம். மோல்மீன் சாலை பழைய மருத்துவமனையில் நான் நர்ஸாக வேலை பார்த்தபோது, தேக்கா சந்தையில் வேப்பிலை வாங்கிவந்து தலையணையடியில் வைக்காத தமிழ்க் குடும்பம் குறைவு. நாங்கள் எடுத்துப்போட்டதில்லை. வேப்பிலை இருக்கட்டும், இளநீர், மோர், கஞ்சி எல்லாம் நல்லதுதான். ஆனால் பெரியவர்களுக்கு இது குழந்தைகளுக்கு வருவதுபோல லேசாக வராது, சிலருக்கு நுரையீரலில் இறங்கிவிடும். கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையை முதல் 24 மணி நேரத்தில் தொடங்கினால்தான் முழுப் பலன். இவர் இரண்டு நாளைக் கொசுவின் மேல் பழிபோட்டே கழித்துவிட்டார். இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், முடிவு அவர் எடுக்கட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம். தண்ணீர் ஊற்றுகிற நாள் வரை குளிக்கக்கூடாது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெதுவெதுப்பான நீரில் தினமும் குளித்தால்தான் கொப்புளத்தில் சீழ் பிடிக்காது. மூச்சு வாங்கினால், இருமல் அதிகமானால், பேச்சுத் தடுமாறினால் யோசிக்காமல் 995-ல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கடைசிக் கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை தனி அறை, முடிந்தால் தனிக் கழிவறை. அது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். சாப்பாட்டை வாசலில் வைத்துவிடுங்கள். தேர்வைப் பற்றி மருத்துவச் சான்றிதழோடு துறைக்கு இப்போதே எழுதச் சொல்லுங்கள். விடுதியை மூட வேண்டியதில்லை. மூடினால் தொற்று வாங்கியவர்கள் ஆளுக்கொரு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அடுத்த கடிதத்தைப் படியுங்கள், புரியும்.

கேள்வி: என் மகளின் அறைத்தோழிக்கு அம்மை. பயந்துபோய் "நீ வீட்டுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் மருமகள் ஏழு மாதம். சரிதானே மிஸ்ஸி?
- ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: சரியில்லை அம்மா, கிளம்புவதற்குள் போன் போடுங்கள். மகளுக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருந்தால் வரட்டும், பயமில்லை. வராமல் இருந்து, ஊசியும் போடவில்லை என்றால், தோழியோடு கடைசியாக இருந்த நாளிலிருந்து 21 நாள் முடியும்வரை மருமகள் இருக்கிற வீட்டுக்கு வரவேண்டாம். கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல் பாதிப்பு கடுமையாகலாம்.

ஏற்கெனவே வந்துவிட்டாளா? மருமகள் பார்க்கிற மகப்பேறு கிளினிக்குக்கு இன்றே போன் செய்யுங்கள். நேரே போய் மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காரவேண்டாம். மருமகளுக்கு முன்பே அம்மை வந்ததா என்று தெரியாவிட்டால் ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி கொடுக்கலாம். சின்னம்மைத் தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போடமாட்டார்கள், அதைக் கேட்டு நச்சரிக்காதீர்கள்.

கேள்வி: ஜோகூரிலிருந்து தினமும் வந்து மாணவர் விடுதியில் துப்புரவு வேலை செய்கிறேன். அம்மை வந்த பையன் படுத்த மெத்தையைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். எனக்கும் தொற்றிவிடுமா?
- வாசகி, ஜோகூர் பாரு

பதில்: மெத்தை பாவம், அதை விட்டுவிடுங்கள் அக்கா. இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே நெடுநாள் தாக்குப்பிடிக்காது. கையுறையும் முகக்கவசமும் போட்டு, போர்வையை உதறாமல் சுருட்டி எடுத்து, வழக்கமான சோப்புத்தூளில் துவைத்தால் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச்சையும் கழிவறை கழுவும் ஆசிடையும் சேர்த்து ஊற்றாதீர்கள், அம்மையைவிட அந்தப் புகை உடனே ஆளைச் சாய்க்கும்.

உங்களுக்குச் சிறுவயதில் அம்மை வந்திருந்தால் கவலையை விடுங்கள். வரவில்லையென்றால், பையன் இருக்கும்வரை அந்த அறைக்குப் போகமாட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், தடுப்பூசியும் கேளுங்கள். கூட வேலை செய்கிறவர்களில் யாராவது மாசமாக இருந்தால் அவருக்கு அந்த மாடியை ஒதுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.